எறங்கு வளைவில் யாரும் இறங்கவில்லை

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், ஏற்றம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு உண்டு. வீதி போட்டவர்கள் அதற்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். சனங்கள் மறக்கவில்லை. எறங்கு வளைவு என்று வைத்தார்கள். காரணம், யேசுரத்தினத்தின் ஒஸ்டின் கார்.

அந்த வளைவுக்கு வந்ததும் கார் முனகும், நடுங்கும். உள்ளே இருக்கும் ஆண்கள் யாரும் சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கிவிடுவார்கள். பெண்களும் நோயாளிகளும் மட்டும் உட்கார்ந்திருக்கலாம் என்பது எழுதாத சட்டம். இறங்கியவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து, உச்சியில் காருக்காகக் காத்திருப்பார்கள். ஆமாம், காத்திருப்பார்கள். நடந்தவர்கள்தான் எப்போதும் முதலில் போய்ச் சேருவார்கள்.

மனித குலம் இதைவிடப் பெரிய அவமானங்களையெல்லாம் விழுங்கிச் செரித்திருக்கிறது. யேசுரத்தினத்துக்குச் செரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கொழுந்து லொறி ஓட்டி, பிறகு சொந்தமாகக் கார் வாங்கிப் பசறை டவுனில் ஹயர் ஓடத் தொடங்கிய மனிதர் அவர். உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டார். சாப்பிடும்போது இடது கை கியர் போடும். சேர்ச்சில் முழங்காலில் நிற்கும்போதுகூட வலது பாதம் மட்டும் எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். பின்வரிசைக்காரர்கள் அதைப் பக்தியின் நடுக்கம் என்று நினைத்தார்கள்.

காரை அவருக்கு விற்றவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குமாரசிங்கம். மாற்றலாகி யாழ்ப்பாணம் போகுமுன் சாவியோடு ஒரு தத்துவத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். "தம்பி, கார் எழும்புறதுக்குத்தான் பெற்றோல். எழும்பினாப் பிறகு மண்ணெண்ணெயே காணும், பெற்றோல் தேவையில்லை."

அதற்கேற்ற ஏற்பாடும் காரில் இருந்தது. சின்ன டாங்கில் பெற்றோல், பெரிய டாங்கில் மண்ணெண்ணெய், டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒரு திருகு. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் திருகைத் திருப்பினால் மண்ணெண்ணெய். பசறைத் தபால் கந்தோரைத் தாண்டியதும் யேசுரத்தினத்தின் இடது கை தானாகக் கீழே போய்த் திருகிவிட்டு வரும். கண் வீதியில் இருக்கும், வாய் பயணியோடு பேசும். கைக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வருடக்கணக்காக இப்படி.

பிறகு அதே டவுனில் ஹயர் ஓடும் இத்ரூஸ் ஒரு ஜப்பான் வேன் இறக்கினான். எறங்கு வளைவில் ஒஸ்டினை முந்தும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டுவான்.

"ரத்தினம் அண்ணே, கயிறு இருக்கு. கட்டவா?"

நல்ல மனதோடுதான் கேட்டான் என்று ஊரே சொன்னது. நல்ல மனதோடு கேட்டதுதான் அதிகமாக எரிந்தது.

தொண்ணூற்றெட்டில் மகள் ரொஷானிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை ஜொனி, பதுளைக்காரன். கல்யாணமும் பதுளை சேர்ச்சில். ரொஷானி டவுனில் டெலிபோன் கடையில் வேலை செய்பவள். எல்லோருடைய பேச்சையும் கேட்டுக் கேட்டு வாய் கூர்மையாகிவிட்ட பிள்ளை.

"அப்பா, நான் இத்ரூஸ் நானா வேன்ல போறேன்."

"ஏன், நம்ம காருக்கு என்ன?"

"கல்யாணச் சாரியோட எறங்கி நடக்க ஏலாதுப்பா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேடிக்கிட்டு வந்தா, நான் மலையேறிக்கிட்டு இருப்பேன்."

அடுப்படியிலிருந்து மனைவி அற்புதமலரும் சேர்ந்துகொண்டாள். "புள்ள சொல்றது சரிதாங்க. காரு பின்னால மெதுவா வரட்டும். வந்தா வரட்டும்."

அந்த 'வந்தா வரட்டும்' யேசுரத்தினத்தின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டார். ஒரு நாட்டின் தலைவர் யுத்தப் பிரகடனம் செய்யும் தோரணையில் சொன்னார்:

"என் மக என் கார்லதான் போவா. எறங்கு வளைவுல ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. எறங்குனா அந்தக் காரை அங்கேயே தள்ளிவிட்டுட்டு வந்துர்றேன்."

"சரி, எறங்காமப் போனா நானும் ஏறுறேன்" என்றாள் ரொஷானி. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

மறுநாளே கார் மெக்கானிக் மாரிசாமி பாஸின் கராஜில் நின்றது. மாரிசாமி எஞ்சினின் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரத்தினம், இங்க பாரு. ஒண்ணு போட வேண்டிய எடத்துல ரெண்டு கேஸ்கட் போட்டிருக்காரு உங்க கிளாக்கர் ஐயா. மண்ணெண்ணெய் ஓடணும்னா அமுக்கம் கொறையணும், அதுக்காக. அமுக்கம் கொறஞ்சா பவர் எங்கேருந்து வரும்? இத்தனை வருஷமா நீ பாதிக் காரைத்தான் ஓட்டியிருக்க."

யேசுரத்தினம் குனிந்து எஞ்சினுக்குள் பார்த்தார். மீதிப் பாதிக் கார் இத்தனை காலமும் இரண்டு தகட்டுக்கு நடுவே சிறைப்பட்டுக் கிடந்திருக்கிறது! விடுதலை வேலை அன்றே ஆரம்பமானது. பதுளைக்குக் கொண்டுபோய் எஞ்சின் தலையை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். ஒற்றைக் கேஸ்கட் போட்டார்கள். பெரிய காப்ரேட்டர் ஒன்றை எங்கோ உடைத்த காரிலிருந்து பிடித்தார்கள். வால்வுகளைத் தேய்த்து, டைமிங்கை முன்னுக்குத் தள்ளி, சைலன்சர் குழாயை அகலமாக்கினார்கள். யேசுரத்தினம் பக்கத்திலேயே நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, மாரிசாமியின் உயிரை வாங்கினார்.

"பிரேக்கையும் கொஞ்சம் பாக்கணும்" என்றார் மாரிசாமி.

"மேட்டுல ஏறுறதுக்கு பிரேக் எதுக்கு?"

"இந்தத் திருகைக் கழட்டிரவா? இனிமே இந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஆகாது. குடிச்சா பிஸ்டன் ஓட்டையாயிரும்."

"இருக்கட்டும் பாஸ். இருக்கிறதை ஏன் கழட்டணும்?"

ஓட்டிப் பார்க்கும்போது மாரிசாமி பக்கத்து சீட்டில் இருந்தார். தபால் கந்தோரைத் தாண்டும்போது யேசுரத்தினத்தின் கை கீழே போனது. மாரிசாமி அந்தக் கையில் ஓர் அடி போட்டார். கை திரும்பி வந்தது. எறங்கு வளைவில் ஒஸ்டின் உறுமிக்கொண்டு ஏறியது. எதிரே நடந்து வந்த கொழுந்துக்காரப் பெண்கள் வழக்கப்படி ஒதுங்காமல் நடுவீதியில் நின்று, கடைசி நிமிடத்தில் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் குதித்தார்கள். அவர்கள் திட்டியதை யேசுரத்தினம் வாழ்த்தாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கை போனது. ஒவ்வொரு முறையும் அடி வாங்கியது.

கல்யாணத்தன்று காருக்கு வெள்ளை ரிபன் கட்டினார்கள். பின்சீட்டில் ரொஷானியும் அற்புதமலரும். முன்சீட்டில், மாரிசாமி உட்கார வேண்டிய இடத்தில், மடியில் கேக் பெட்டியோடு பெரியம்மா. மாரிசாமியை, சொந்தக்காரர்களை ஏற்றிவந்த இத்ரூஸின் வேனுக்கு அனுப்பிவிட்டார்கள். வேன் பின்னால்தான் வர வேண்டும் என்பது யேசுரத்தினத்தின் கட்டளை. புறப்படுமுன் அற்புதமலர் ஒரு பொறுப்பான காரியமும் செய்திருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்று, காய்ந்து கிடந்த பெரிய டாங்கில் மண்ணெண்ணெயை நிரம்ப ஊற்றியிருந்தாள்.

தபால் கந்தோர் தாண்டியது. கை கீழே போனது. பெரியம்மாவின் இரண்டு கைகளும் கேக் பெட்டியில் இருந்தன. அடிக்க ஆள் இல்லை.

ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"என்னங்க சத்தம் அது?"

"பவரு" என்றார் யேசுரத்தினம் பெருமையோடு. "உள்ள இருக்க ஏலாம முட்டுது." முட்டுகிற பவருக்கு வழிவிட இன்னும் அழுத்தி மிதித்தார்.

எறங்கு வளைவில் டொம் என்று ஒன்று கேட்டது. நீலப் புகை ரிபனையெல்லாம் மூடியது. ஒஸ்டின் நின்றது. எப்போதும் நிற்கும் அதே இடத்தில், ஒரு சாண்கூடத் தள்ளாமல்.

யேசுரத்தினம் கீழே குனிந்து திருகைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மாரிசாமி வேனிலிருந்து ஓடிவந்து, திருகைப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எறங்கும்மா" என்றார் யேசுரத்தினம். "வேன்ல போ."

ரொஷானி சாரி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் எறங்க மாட்டேன். எறங்க வேணாம்னு சொல்லித்தானே ஏத்துனீங்க?"

"ரொஷானி, விளையாடாத."

"அம்மா, நீங்களும் எறங்காதீங்க. பெரியம்மா, கேக்கைப் பிடிங்க." கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "இத்ரூஸ் நானா! அந்தக் கயிறு இருக்கா?"

இத்ரூஸ் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன். ஆனால் அன்று அவன் சிரிக்கவில்லை. அதுதான் யேசுரத்தினத்துக்குத் தாங்க முடியவில்லை. கயிற்றைக் கட்டினான், வேனைக் கிளப்பினான். எறங்கு வளைவு வரலாற்றில் முதல் முறையாக, நின்றுபோன ஒஸ்டினிலிருந்து ஒரு மனிதரும் இறங்காமல் கார் உச்சிக்குப் போனது.

உச்சியில் கயிற்றை அவிழ்த்தார்கள். இனிப் பதுளை வரை பெரும்பாலும் இறக்கம்தான். ஒஸ்டின் மெல்ல உருண்டது. பிறகு மெல்ல உருளவில்லை. யேசுரத்தினம் பிரேக்கை மிதித்தார். பிரேக் கேட்டுக்கொண்டது, கீழ்ப்படியவில்லை. முன்னால் போன வேனின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் வலப்பக்கம் ஒடித்தார். பெரியம்மா கேக்கைக் கட்டிப்பிடித்து ஜெபம் சொல்ல, ரிபன் பறக்க, எஞ்சின் செத்த ஒஸ்டின் ஜப்பான் வேனை முந்தியது. இத்ரூஸ் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் ஏங்கிய காட்சி. யேசுரத்தினம் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடாமல் இருக்கவே பெரும்பாடாக இருந்தது.

அவரைக் கடைசியில் நிறுத்தியது பிரேக் இல்லை. சேர்ச் வாசலுக்கு ஏறும் சிறிய மேடு. வாழ்நாளெல்லாம் எதிரியாக நினைத்த மேடு ஒன்று, அன்று அவர் காரை மெதுவாகக் கையில் வாங்கி, வாசலில் நிறுத்தி வைத்தது. அவசரமாகப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்தார்கள்.

ஜொனி ஓடிவந்து கதவைத் திறந்தான். ரொஷானி இறங்கினாள், எறங்க வேண்டிய இடத்தில்.

"மாமா, வந்ததே தெரியல! எஞ்சின் சத்தமே கேக்கலையே! அப்படியா டியூன் பண்ணியிருக்கீங்க?"

யேசுரத்தினம் மகளைப் பார்த்தார். மகள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

"ஆமா மாப்பிள்ளை" என்றார் மிடுக்காக. "சத்தம் வேணாம்னு மக சொல்லிட்டா."

அன்றைய பூசையில் அவர் முன்வரிசையில் முழங்காலில் நின்றார். வலது பாதம் வழக்கம்போல அழுத்திக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை இல்லை, பிரேக்கை. இடது கையை மட்டும் வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். பின்வரிசைக்காரர்கள் இதையும் பக்தி என்றே நினைத்தார்கள்.