எரடு மாத்ர

நான்கு வருடம் கன்னடக்காரர்களோடு லேத் ஓட்டியவன் நான். எனக்குக் கன்னடம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர்தான் என் மனைவியைக் கொல்லப் பார்த்தது.

அவளுக்கு முதுகெலும்பில் கட்டி. ஆபரேஷன் தாங்க மாட்டாள் என்று கைவிரித்துவிட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டி ஒரு கிளினிக்கில், வயதான கன்னட டாக்டர் வலிக்கு ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். அபின் வகையைச் சேர்ந்த பழைய மருந்து. சீட்டை நீட்டும்போது, "நோவு ஜாஸ்தி ஆதரூ எரடு மாத்ர" என்றார். நான் பெரிய மேதாவி மாதிரித் தலையாட்டினேன். வலி அதிகமானால் இரண்டு மாத்திரை. இதற்கு இன்னொருவரிடம் அர்த்தம் வேறு கேட்க வேண்டுமா?

பாகலூர் ரோட்டில் எங்கள் வாடகை வீட்டில், அவள் முனகும்போதெல்லாம் இரண்டு கொடுத்தேன். நாளைக்கு நான்கு தடவையாவது இருக்கும். பத்து நாள் அவள் மனுஷியாக இருந்தாள். உட்கார்ந்து பூண்டு உரித்தாள். மேல்வீட்டுக்காரியோடு அரைகுறைத் தெலுங்கில் வம்பளந்தாள். பதினோராம் நாள் காலையில் எழுப்பினேன், எழவில்லை. உதடு கறுத்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அவள் கண் திறந்த பிறகுதான் எத்தனை கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டவர், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"மாத்ரே இல்லப்பா, மாத்ர. மாத்ரே அந்தரெ மாத்திரை, மாத்ர அந்தரெ மட்டும். எவ்ளோ நோவு ஜாஸ்தியானாலும் தினத்துக்கு ரெண்டு மட்டும்தான். மேல போனா மூச்சையும் ஹார்ட்டையும் புடிச்சுக்கும்."

"ரெண்டுல வலி கேக்காதுங்களே சார்."

"கேக்காது. பழைய மருந்து, அதோட சக்தி அவ்ளோதான். இதவிட பலமானதுக்கு லைசன்ஸ் வேணும், என்கிட்ட இல்ல."

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன். ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வா என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள்.

அன்றிலிருந்து இரண்டே இரண்டு. ஒருநாள் அவள் சொன்னாள்: "தப்பாக் குடுத்தீங்கல்ல, அந்தப் பத்து நாள்தாங்க நான் நல்லா இருந்தேன்."

"செத்துப் போயிருப்ப" என்று கத்தினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராமலே தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய? மூன்றாவது கேப்சூல் என்றைக்கு அவள் மூச்சை நிறுத்தும் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது கேப்சூல் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பயம், அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாளோ என்று. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அந்த எட்டு மணி நேரமும் அவள் கையில் ஒன்றும் இருக்காது. மூன்றரைக்கு வந்து கதவைத் திறந்தால், சுவரோரம் சுருண்டு கிடப்பவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். சட்டைப் பையைத்தான் பார்ப்பாள்.