எழுந்தது எழுந்ததுதான்

கட்சி அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் நாற்காலி. பெற்றவர்கள் வைத்த பெயர் உறுப்பினர் அட்டையில் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை. கூட்டத்துக்கு முன் மடக்கு நாற்காலிகளை விரிப்பார், முடிந்ததும் மடித்துச் சுவரோரம் அடுக்குவார். யாராவது வாசலில் தயங்கி நின்றால் போதும், கையில் ஒன்றோடு ஓடுவார். “நாற்காலிக்கு ஆசைப்படாத ஒரே நாற்காலி நம்ம அண்ணன்தான்” என்று மேடையிலேயே கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்படிச் சிரிக்கிறவர்கள் தலையில்தான் இந்த உலகம் மிளகாய் அரைக்கும்.

அவரைக் கட்சிக்குக் கூட்டி வந்தவர் நூற்பாலை ஃபிட்டர் ஒருவர். பிறகு தன் தங்கையையும் கட்டிக்கொடுத்து மச்சானாகிவிட்டார்.

ஆலையில் வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனபோது கட்சி இரண்டு பட்டது. “பேசித் தீர்த்துடலாம். அடுப்பு எரியாத வீட்டுல கொள்கை வேகாது” என்றார் மச்சான். “பேசப் போறவன் துரோகி” என்றார் செயலாளர். பேச்சில் பொறி பறக்கும் என்பதால் அவருக்குத் தீப்பெட்டி என்று பெயர். மச்சான் நிர்வாகத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்ததை ஒளிக்கவும் இல்லை. அவரைக் கட்சியை விட்டு நீக்கத் தீர்மானம் வந்தது.

அந்தக் கட்சியில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. தீர்மானத்தை ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும், எதிர்ப்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலியும் வாக்களிக்கும் குழுவில் ஓர் உறுப்பினர். எப்போதும் சுவரோரம் நிற்பவர் என்பதால் அவரிடம் மட்டும் வாயால் கேட்டு எண்ணுவார்கள்.

இந்த முறை நிற்பதை ஆதரவென்று எண்ணிவிடுவார்களோ என்ற சந்தேகமே வேண்டாம் என்று மச்சான் முதல் நாளே வீட்டுக்கு வந்தார். “மாப்பிள்ளை, நீ ஒண்ணும் பேச வேணாம். நாளைக்கு ஒரு நாள் உக்காந்திரு. அது போதும்.”

“எங்கண்ணனுக்காக ஒரு நாள் உக்கார மாட்டாரா?” என்றாள் மனைவி.

உட்கார்ந்தார். முதல் வரிசையில், மச்சானுக்குப் பக்கத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தார். தலைவர், “ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்” என்றார். பாதிப் பேர் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பார்வையாளராக வந்த வயதான அம்மா ஒருவர் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். அவருக்கு இடமில்லை. அவ்வளவுதான். நாற்காலி எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிவிட்டார். எண்ணிக்கொண்டிருந்த விரல் அவரையும் தொட்டுக்கொண்டு போயிற்று.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

“நான் அந்தம்மாவுக்கு இடம் குடுக்கத்தாங்க எழுந்தேன்” என்றார் நாற்காலி.

“எழுந்தது எழுந்ததுதான்” என்றார் தீப்பெட்டி.

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அழுத தங்கையிடம், “விடும்மா, பழக்கதோஷம்” என்றாராம். திட்டியிருந்தாலாவது நாற்காலிக்கு மனசு ஆறியிருக்கும். மனைவி வேளாவேளைக்குச் சோறு போட்டாள்; முகம் பார்த்துப் பேசத்தான் வெகுகாலம் ஆயிற்று. மச்சான் அதன் பிறகு கட்சி அலுவலகத் தெருப்பக்கமே வரவில்லை. நாற்காலி மட்டும் போய் விரித்துக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தார். வெட்கம்தான். ஆனாலும் போனார்.

சில வருஷம் கழித்து அதே தீப்பெட்டி அதே நிர்வாகத்தோடு பேசி, கையெழுத்துப் போட்டு, மாலையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பெயர் ராஜதந்திரமாம். தான் செய்தால் ராஜதந்திரம், அடுத்தவன் செய்தால் துரோகம். அந்த மாலை வாடுவதற்குள் மச்சான் போய்ச் சேர்ந்தார்.

ஊர் வாய்க்குப் பயந்து கட்சி இரங்கல் கூட்டம் போட்டது. நாற்காலி எல்லாவற்றையும் விரித்து முடித்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறைந்தவரின் நிதானத்தைத் தீப்பெட்டி வாயாரப் புகழ்ந்தார். “எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்” என்றார். கூடமே எழுந்தது. நாற்காலி எழவில்லை. பக்கத்தில் நின்றவர் குனிந்து அவர் தோளைத் தொட்டார்.

“எழுந்திருங்கண்ணே. அஞ்சலி.”

“இல்லப்பா. மச்சான் என்னை உக்காரச் சொல்லியிருக்காரு.”

மௌனம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும், அவர் இரண்டு கைகளும் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.