பல் போடாத கடா

மூன்று வருடங்களுக்கு முன்பு, பக்ரீத்துக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தபோது தொடங்கியது இது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் இரண்டு எருமைக் கடாக்கள். அவற்றை எந்த நாளில் விற்பது என்று தெரியாமல் நான் சோறு இறங்காமல் திரிந்த நாட்கள் அவை.

நான் எருமைக்காரி ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் நாவலூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வரும். ஒரு நாள் அந்தக் கம்பெனி இரண்டு மாடிகளைக் காலி செய்தது, கூடவே எங்கள் பன்னிரண்டு பேரையும் காலி செய்தது. கைக்கு வந்த பி.எஃப். பணத்தை பேங்கில் போடச் சொன்னார் மினி லாரி ஓட்டும் என் கணவர். நான் கடா வாங்கப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"சரி, ஒரு வாட்டி செஞ்சு பாரு. நஷ்டமாச்சுன்னா மறுபடி வேன் ஏறிடணும். இன்னா சொல்ற?"

ஏறிவிடுகிறேன் என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது. கோடையில் ஏரி வற்றி, வைக்கோல் விலை ஏறும்போது, பால் கறக்காத கடாக்களுக்கு யார் தீனி போடுவார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது வாங்க வேண்டும். ஒரு வருடம் வளர்த்து, பக்ரீத்துக்கு முன் விற்க வேண்டும். கசாப்புக்குப் போகிற விலையைவிட, பக்ரீத் பலியான குர்பானிக்குப் போகிற விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மதுராந்தகம் பக்கத்தில் எருமைகளை விற்றுவிட்டு ஊர் மாறிப்போகும் ஒரு குடும்பத்திடம், சித்திரை வெயிலில், இரண்டையும் வாங்கினேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது எப்போது பிறந்தது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "போன வருஷம் எம் பொண்ணு பிளஸ் டூ மொத பரீட்சை எழுதுன அன்னிக்கு" என்றாள். ஹவுஸ்கீப்பிங்கில் எதையும் நோட்டில் எழுதியே பழகிய கை, அதையும் எழுதி வைத்துக்கொண்டது. தவிடு, புண்ணாக்கு, குளிப்பாட்டியது, பூச்சி மருந்து கொடுத்தது, எல்லாமே அந்த நோட்டில் இருக்கும். என் கணவர் அதற்கு 'எருமை ரிஜிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு வருடத்தில் இரண்டும் நன்றாகத் தேறின. சாலையோரத் தர்பூசணிக் கடைகளிலிருந்து தோலை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவேன். சின்னதற்கு அது என்றால் உயிர். மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும்.

பண்டிகைக்குப் பதினெட்டு நாள் இருந்த அன்று ஒரு புரோக்கர் வந்தார். பெரியதன் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "ரெண்டு பல்லு போட்டுகீது, ஷோக்கா போவும்" என்றார். சின்னதன் வாயைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். பால் பல் விழுந்து, நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால்தான் கடாவுக்கு வயது வந்துவிட்டது என்று சந்தையில் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் சின்னதற்கு எட்டும் பால் பல்லாகவே அரிசி மாதிரி வரிசையாக இருந்தது.

"இது குர்பானிக்கு ஆவாது. கசாப்பு ரேட்டுக்கு இப்பவே குடுத்துடு. வெச்சுகினு இருந்தா தீனி தான் தண்டம்."

சொல்லிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் போட்டு, என் கணவர் பக்கம் நீட்டினார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது இவர்கள் வழக்கம். பொம்பளை கையைப் பிடிக்க மாட்டார்கள். அதனால் நான் வளர்த்த கடாவின் விலை, அதற்கு ஒரு நாளும் தண்ணீர் காட்டாத மனிதரின் விரல்களுக்குள் ஓடியது. அவரோ எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்று தெரியாமல் திருதிருவென்று என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னத இப்ப குடுக்கல. பல்லு போடட்டும். குடுத்தா ரெண்டையும் சேத்துதான்" என்றேன்.

இப்போதே விற்றால் கையைக் கடிக்காது, ஆனால் லாபமும் இல்லை. பல் விழுந்துவிட்டால் அந்த வருட உழைப்பு முழுக்கக் கைக்கு வரும். விழாவிட்டால், பண்டிகை முடிந்த மறுநாள் கசாப்பு விலையும் சரிந்துவிடும், நான் வேன் ஏற வேண்டியதுதான். ஒரு பால் பல்லை நம்பி இருந்தது என் பிழைப்பு.

தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை, சின்னதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது. ஆட்டிப் பார்ப்பேன். ஆணி அடித்தது போல் நிற்கும். அது என் கையை நக்கிக்கொண்டே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்து, எல்லோரும் பிள்ளைகளுக்காகவும் வேலைக்காகவும் ஜெபிக்க, நான் ஆண்டவரிடம் ஒரு எருமையின் பல்லை விழவைக்கச் சொல்லிக் கேட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆந்திராவிலிருந்து லாரி லாரியாகக் கடா இறங்கியது. விலை இறங்கிவிட்டது என்று புரோக்கர் போனில் சொன்னார். வெயிலில் சின்னது தீனியும் குறைத்துக்கொண்டது. விலா எலும்பு லேசாகத் தெரிய ஆரம்பித்தது எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று தெரியவில்லை. வீட்டில் என்ன சமைத்தேன், யாரிடம் எரிந்து விழுந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

ஐந்து நாள் இருக்கும்போது புரோக்கர் மறுபடி வந்தார். நாளைக் காலை கோவளம் பக்கத்திலிருந்து ஒரு பாய் வருகிறார், இரண்டு கடா வேண்டுமாம், நல்ல விலை கொடுப்பார் என்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு குறடை எடுத்தார்.

"நடுவுல ரெண்ட புடுங்கிட்டா, பால் பல்லு தானா வுழுந்துச்சு, பெரிய பல்லு வருதுன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் செய்றது தான். ரெண்டு நிமிஷம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாரோ என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதினால் அது பொய். என் கணவர் கயிற்றைப் பிடித்தார். உதட்டைத் தூக்கிப் பிடித்தது நான்தான். தினமும் காலையில் தூக்கும் கை என்பதால் அது திமிறவே இல்லை. முதல் பல் வந்தபோதுதான் கத்தியது. இரண்டாவது பல்லுக்கு மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது. புரோக்கர் குறடைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நான் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, நாளைக்குள் ரத்தம் நின்றுவிட வேண்டுமே என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை பாய் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயிண்டும் பைப்பும் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். வியாபாரி இல்லை. ஒரு கடாவுக்கு ஏழு பங்கு, இரண்டு கடாவுக்குப் பதினாலு பங்கு. அவர் தெருவில் பதினாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள்.

புரோக்கர் வழக்கம்போல் துண்டை எடுத்தார். பாய் அதை மடித்து அவர் தோளிலேயே போட்டார்.

"வளத்தவங்க யாரு? அவங்க கைலயே பேசிக்கறேன்."

என் கணவர் என்னைக் காட்டினார். பாய் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியதை நடக்கவிட்டு, கண், காது, கொம்பு, வால், பல் எல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டார். சின்னதிடம் வந்ததும் புரோக்கர் ஓடிப்போய், "பால் பல்லு வுழுந்துகீது பாய்" என்று உதட்டைத் தூக்கப் போனார். பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் கேட்டார்.

"இது எப்ப பொறந்துச்சுன்னு தெரியுமாம்மா?"

எருமை ரிஜிஸ்டரை எடுத்துவந்து காட்டினேன். பிளஸ் டூ பரீட்சை நாள். இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. பாய் சிரித்தார்.

"அப்புறம் இன்னா? ரெண்டு வருஷம் முடிஞ்சா போதும். பல்லெல்லாம் வயசு தெரியாத மாட்டுக்குப் பாக்கறது. நீங்க எழுதியே வெச்சுகிறீங்க."

இரண்டு வாரமாக நான் எதற்காகச் செத்துப் பிழைத்தேனோ, அது தேவையே இல்லை. வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். விடை என் நோட்டிலேயே, என் கையெழுத்திலேயே, ஒரு வருடமாக இருந்திருக்கிறது.

பாய் இரண்டுக்கும் தனித்தனியாக வாய்விட்டு விலை சொன்னார். நான் மனதுக்குள் வைத்திருந்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. புரோக்கர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அட்வான்ஸ் எடுக்க பாய் சட்டைப் பையில் கையைவிட்டார். அப்போது என் கண் தொட்டிப் பக்கம் போனது. காலையில் வைத்த தவிட்டுத் தண்ணீர் வைத்தபடி இருந்தது. சின்னது அதன்மேல் தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தது. வாயிலிருந்து எச்சில் சிவப்பாக நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பாய் அதைப் பார்க்கவில்லை. என்னை நம்பியதால் பார்க்கவில்லை.

"பாய், பல்லு தானா வுழல. நேத்து புடுங்கிட்டோம்" என்றேன்.

புரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். பாய் எழுந்து போய், இப்போதுதான் முதல் முறையாகச் சின்னதன் உதட்டைத் தூக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு, நடந்ததை அப்படியே சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம், "மிச்ச பல்ல வெச்சுகினு தீனி தின்னுதுன்னா பரவால்லையாம். தின்னலன்னா குர்பானிக்கு ஆவாதாம்" என்றார்.

தர்பூசணித் தோலை மெல்லிசாகச் சீவி, கையில் ஏந்தி அதன் வாயருகே கொண்டுபோனேன். நாலு பேரும் ஒரு எருமையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். மோந்து பார்த்தது. நாக்கை நீட்டி ஒரு துண்டை உள்ளே இழுத்தது. இரண்டு தடவை மென்றதும் தலையை உதறிக் கீழே போட்டுவிட்டது. இன்னொரு துண்டு கொடுத்தேன், அதையும் போட்டுவிட்டது. மூன்றாவது முறை நான் கையை நீட்டியபோது, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரடி பின்னால் போனது. ஒரு வருடத்தில் அது என்னைப் பார்த்துப் பின்வாங்கியது அன்றுதான்.

பாய் ஒரு மணி நேரம் காத்திருந்தார். மறுநாளும் வந்து பார்த்தார். அது தின்னவில்லை. பேசிய விலைக்குப் பெரியதை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது சொன்னார்.

"பதினாலு வூட்டுக்காரங்க என்னைய நம்பி குடுத்துகிறாங்கம்மா. நீங்க சொல்லலன்னா நான் பாத்துருக்கவே மாட்டேன்."

பாராட்டினாரா, வருத்தப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. புரோக்கர் மட்டும் தெளிவாக, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன் என்று என் கணவர் அன்று சொன்னார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பக்ரீத் முடிந்து மூன்றாம் நாள்தான் சின்னது தோலைத் தின்ன ஆரம்பித்தது. பெரியது விற்ற பணம் இரண்டையும் வாங்கிய விலைக்குச் சரியாகப் போனது, ஒரு வருடத் தீனிச் செலவு நஷ்டம்தான். சொன்ன சொல்படி நான் வேன் ஏறினேன். எட்டு மாதம் நாவலூரில் மறுபடி துடைப்பம் பிடித்தேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதட்டைத் தூக்கிப் பார்த்தால், பிடுங்கிய இடத்தில் இரண்டு பெரிய பல், வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே தீனியும் பார்க்க முடியாமல், தீபாவளிக்கு முன் அதைக் கசாப்பு விலைக்கு விற்றேன். ஏற்றும்போது அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

அடுத்த கோடையில் பாய் போன் செய்தார். "கடா கீதாம்மா?" என்றார். சேர்த்து வைத்த சம்பளத்தில் அப்போதுதான் இரண்டு வாங்கியிருந்தேன். இரண்டும் வயது வந்தவை, ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லாதவை. எடுத்துக்கொண்டார். இப்போது வருடா வருடம் அவர்தான் வாங்குகிறார். துண்டு கிடையாது, புரோக்கர் கிடையாது. வாங்குகிற வீட்டிலேயே பிறந்த நாளை விசாரித்து எழுதிக்கொண்டுதான் கடா பிடிக்கிறேன். எப்போது விற்பது என்ற பயமும் எனக்கு இப்போது இல்லை.

ஆனால் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாய் வருவார், பக்கெட்டைக் கவிழ்த்து உட்காருவார், "எப்ப பொறந்துச்சும்மா?" என்று ஒன்றே ஒன்று கேட்பார், நான் சொல்லும் தேதிக்குத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுப்பார். அவர் ஒரு தடவையாவது உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டால் தேவலை என்று இருக்கும் எனக்கு. இன்றுவரை பார்த்ததில்லை, அதனால் அவர் வருவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு கடாவின் வாயையும் நானே இரண்டு தடவை பார்த்துவிடுகிறேன்.