இனிப்பைத் தொடாத கரப்பான்கள்

எனக்குப் பூச்சி மருந்து வைக்கும் வேலை. இருபது வருஷமாக மதுரையில் ஹோட்டல், பேக்கரி, மெஸ் என்று சமையற்கட்டு சமையற்கட்டாகப் போய் வருகிறேன். பேச்சு வராதவனுக்குத் தோதான வேலை. கரப்பான் எதுவும் கேட்காது.

ஆனால் கீழவாசல் பிரியாணிக் கடை பாய் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"என்ன மருந்துக்காரரே, ஜெல்லுல தண்ணியக் கலக்குறீகளா? அடுப்படில இம்புட்டு ஓடுது! தட்டுல ஒண்ணு ஏறுச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்."

"இல்ல பாய்" என்றேன். அவர் அங்கேயே எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டுப் புகார் சொல்லிவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, வெள்ளிக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற ஆள அனுப்பிருவேன். ஏமாத்துறவர்னு பேராயிட்டா அப்புறம் எந்தக் கடைக்கும் உங்கள அனுப்ப முடியாது."

அந்தக் கடைக்கு ஆறு வருஷமாக, பூச்சி தின்று சாக மூலை முடுக்கில் பொட்டாக வைக்கும் ஒரே ஜெல்தான். முதல் தடவை வைத்த மறுநாள் செத்ததை முறத்தில் அள்ளினார்கள். நன்றாக வேலை செய்வதை எதற்கு மாற்றுவது என்று விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். போன மாசம் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. ஒரு கரப்பான் வந்து மீசையால் தொட்டது, வாய் வைத்தது, சூடு பட்டதுபோல் பின்வாங்கியது.

கோளாறு மருந்திலா பூச்சியிலா என்று பார்க்க, ஊறுகாய் பாட்டிலில் பத்துக் கரப்பானைப் பிடித்தேன். ஜெல்லே வைக்காத திருமங்கலம் டீக்கடை ஒன்றில் இன்னொரு பத்து. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட் அம்மா, "பாட்டில்ல என்னண்ணே, பேரீச்சம்பழமா?" என்றார்.

"கரப்பான்மா."

சீட் முழுக்க எனக்கே கிடைத்தது.

புதன்கிழமை பாய் கண் முன்னாலேயே புது ட்யூபைப் பிரித்து, இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு ஜெல்லும் பன் துணுக்கும் போட்டேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் திருமங்கலத்துக் கூட்டம் மல்லாந்து கிடந்தது. பாய் கடைக் கூட்டம் ஜெல்லை விட்டுவிட்டுப் பன்னைத் தீர்த்திருந்தது.

கம்பெனியில் எங்களுக்கு டிரெயினிங் கொடுக்கும் மேடத்திடம் காரணம் கேட்டு வைத்திருந்தேன். அதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். ஜெல்லில் பூச்சியை இழுக்கக் குளுக்கோஸ் இருக்கும். பிறவியிலேயே குளுக்கோஸ் கசக்கிற கரப்பான் எங்கேயோ ஒன்றிரண்டு இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் தின்று செத்தது. தப்பியது முட்டை வைத்துப் பெருகியது. ஆறு வருஷத்தில் அதற்கு எத்தனையோ தலைமுறை. எதுவும் புத்தி படித்து வரவில்லை. சாகாததன் வாரிசுதான் இப்போது கடை முழுக்க.

பாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கலப்படம் இல்ல. ஆனா இந்த ரகத்த என் கடைல வளத்துவிட்டது நீங்கதானே?"

"ஆமா பாய்."

சிரித்துவிட்டார். போனை எடுத்து மேனேஜரிடம், "வேற ஆள் வேணாம்ப்பா. வளத்தவரே வந்து ஒழிக்கட்டும்" என்றார்.

குளுக்கோஸ் இல்லாத ஜெல் வைத்தேன். ஒரு மாசத்தில் அடுப்படி அடங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்துக்குப் பூச்சி கட்டுப்படுகிறபோதே மருந்தை மாற்றிவிடுங்கள். கட்டுப்படாமல் போகட்டும் என்று காத்திருந்தால், அந்த மருந்துக்குத் தப்பியதன் பிள்ளைகள் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.