சவுக்காரத்தில் ஒட்டிய மணல்

சவுக்காரமும் உப்புச் சேறும் கலந்த வாசனை ஒன்று உண்டு. அதை முகர்ந்தால் போதும், எனக்குப் பதினொரு வயதாகிவிடும். வாப்பாவின் ‘தொங்கான்’ சரக்குப் படகு பொந்தியான் துறையில் அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், கைலி எல்லாம் ஏற்றிக்கொண்டு, ரோடு எட்டிப் பார்க்காத மலாய்க் கிராமங்களான கம்பங்களைத் தேடித் தெற்கே போகும். ஒவ்வொரு கழிமுகத்திலும் நங்கூரம் போட்டுக் காலித் தகரத்தைத் தட்டினால், கண்டல் காட்டுக்குள்ளிருந்து ‘சம்பான்’ சிறுபடகுகள் கொப்பரையும் பாக்கும் சுமந்து வரும். ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது.

பெண்பிள்ளைக்குப் படகில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், உம்மா கேட்டு ஓய்ந்த கேள்வி அது. பள்ளி விடுமுறைக்கு மட்டும் விடுவார். அதுவும், “கொமராகப் போற புள்ள, ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா அன்னியோட சரி” என்று எச்சரித்துத்தான். தொங்கான் இல்லாத விடுமுறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

படகில் என் வேலை ஆழம் பார்ப்பது. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடிக்குழியில் துணி துவைக்கும் சவுக்காரத்தைத் திணித்து இறக்கினால், கடலடியில் கிடப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். சேறு வந்தால் எங்கள் சின்ன நங்கூரம் பிடிக்கும், மணல் வந்தால் பிடிக்காது. அதில் நான் கெட்டிக்காரி; சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு நண்பகல், ஆள் அரவமற்ற ஒரு கழிமுகத்தில் குண்டு வெறும் மணலோடு வந்தது.

“வாப்பா, இங்க வேணாம். மணலு, நிக்காது.”

சுக்கான் பிடித்திருந்த உம்மாவின் தம்பி காசிம் மாமா சிரித்தார். “அலமாக்! கப்பித்தானம்மா பேசுறாங்க லா!”

வாப்பாவுக்கோ பசி. “சோறு திங்கிற நேரந்தானே புள்ள, ஒன்னும் ஆவாது” என்று நங்கூரத்தை வீசிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை. கரையில் ஒன்றை ஒன்று மறைத்து நின்ற இரண்டு கண்டல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பாதிச் சோற்றில் இருக்கும்போது பின்னால் நின்ற மரம் மெல்ல விலகி வெளியே வந்தது; நகர்ந்தது மரமல்ல, படகு.

“வாப்பா, போறோம்! நங்கூரத்த இழுத்துக்கிட்டுப் போறோம்!”

மாமா பீங்கானைப் போட்டுவிட்டு எழுந்தார். வடியும் ஓதத்து நீர், கழிமுகத்துக்கு வெளியே நட்டிருந்த ‘கேலோங்’ மீன்வேலியின் கூர்க்கழிகள் மேல் எங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. இருவரும் நீண்ட கம்புகளை ஊன்றித் தள்ளியதில் ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். வாப்பா மூச்சு வாங்கியபடி, “இனிமே நீ சொல்ற இடத்துலதான் நங்கூரம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உம்மாட்ட மட்டும் சொல்லிடாத மவளே” என்றார்.

நான் சொல்லாமல் இருப்பேனா? வாசலைத் தாண்டும் முன்பே, படகைக் காப்பாற்றியது நான்தான் என்று கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப படகு ஒடஞ்சிருக்கும்” என்றார். அவ்வளவுதான். அடுத்த விடுமுறையில் தொங்கான் நான் இல்லாமல் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்று நான் அழுதேன்.

இன்று அந்தக் கம்பங்களுக்கெல்லாம் தார்ச்சாலை போய்விட்டது. தகரம் தட்டிக் கூப்பிட யாருமில்லை, தொங்கானும் இல்லை, வாப்பாவும் இல்லை. எந்தக் கழிமுகத்தில் கொண்டுபோய் விட்டாலும் அடியில் சேறா மணலா என்று இப்போதும் சொல்லிவிடுவேன். வாயை மூடத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லாதே என்றார் வாப்பா. இதோ, உங்களிடமும் சொல்லிவிட்டேன்.