மாமா வாங்கிய ஊசிமுனை பிரஷ்

என் அக்கா வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, முன்னும் பின்னும் கண்ணாடி, வாய் ஓயாத ஒரு ரேடியோ. எதையாவது ஒழுங்காக வெட்டிவிடாமல் அவர் கை சும்மா இருக்காது. ஒரு முறை விருந்துக்கு வந்தவர் எங்கள் வீட்டுத் துடைப்பத்தைச் சமமாக நறுக்கி வைத்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர்தான். கூடவே இருந்தால் நமக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை. அவள் கண் திறந்திருக்கும் போட்டோ உலகத்திலேயே கிடையாது. கல்யாண ஆல்பம் முழுக்க மணப்பெண் தூங்குகிறாள். மாமாவுக்கோ படம் வரையும் பைத்தியம் உண்டு. இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நகை வேணாம், புடவை வேணாம். நான் கண்ணைத் திறந்துக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு படம் போட்டுக் குடுங்க. இல்லேன்னா தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

அந்தத் தம்பி நான்தான். என் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதனால் பிரஷ் வாங்க மாமாவோடு நானும் கிளம்பினேன்.

"என்ன வரையப் போறீங்க சார்?" என்றார் கடைக்காரர்.

"என் சம்சாரத்தை."

"வாட்டர் கலரா, ஆயிலா?"

"அவளுக்கு எது பிடிக்கும்னு கேக்கலையே" என்றார் மாமா.

வாட்டர் கலர் என்று நான் முடிவு செய்தேன். அதற்கு மெத்தென்ற முடி வேண்டுமாம், தண்ணீரைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ள. பின்னணிக்கு அகலமான தட்டை பிரஷ், கன்னத்துக்குத் தடித்த உருண்டை பிரஷ், கண்ணுக்கு ஊசிமுனை. மாமா ஒவ்வொன்றையும் கன்னத்தில் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், ஒன்றில் பொடுகு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடியது. கடைக்காரர் ஊசிமுனை பிரஷைத் தண்ணீரில் முக்கி உதறிக் காட்டினார். முடியெல்லாம் ஒன்றுசேர்ந்து கூராக நின்றது.

"இந்த முனைதான் சார் உயிரு. இருக்கறதே இது ஒண்ணுதான். அடுத்த சரக்கு வர ஒரு மாசமாகும்."

கல்யாண நாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மறுநாள் மாமாவின் கடைக்குப் போனேன். மாமா கையில் கத்தரிக்கோல், முகத்தில் ஏகப்பட்ட திருப்தி.

"வா மாப்ளே. புது பிரஷ்னு பேரு, நடுவுல நாலு முடி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கண்ணு பொறுக்கல. சமமா எடுத்து விட்டுட்டேன்."

"அய்யோ மாமா, அந்த நாலு முடிதான் முனை!"

அவர் முகம் தொங்கிப் போனது. பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. அந்த மொட்டை பிரஷால் அன்று முப்பது கண் வரைந்து பார்த்தார். முப்பதும் சட்டைப் பொத்தான்.

கல்யாண நாளன்று படத்தைத் திறந்து வைத்தார். அக்காவின் பின்னந்தலை. தாள் முழுக்கத் தலைமுடி, இழை இழையாக, காதோர நரைகூட விடாமல். மொட்டை பிரஷ் முடிக்கு அப்படி ஒத்துழைத்திருக்கிறது.

"கண்ணு எங்கே?" என்றாள் அக்கா.

"திறந்துதான் இருக்கு. அந்தப் பக்கம்."

நான் மனதுக்குள் என் வீட்டுக் கட்டிலை நகர்த்தி அக்காவுக்கு இடம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். அக்கா படத்தின் கிட்டே போனாள்.

"பிடரியில என்ன மச்சம்? எனக்கு அங்க மச்சமே கிடையாதே."

"இருக்கு."

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். "இத்தனை வருஷமாவா? யாருமே சொன்னதில்லையே."

"என்னைத் தவிர யாரு பாத்திருக்கா?" என்றார் மாமா.

அக்கா என் வீட்டுக்கு வரவில்லை.