விரிசலுக்கு மேல் பட்டை

தான் சிமெண்டில் செய்த மரத்தை ஒரு மரங்கொத்தி வந்து கொத்திப் பார்த்து ஏமாந்து போனதாகப் பூங்காக் கொத்தனார் சொல்லுவார். அளப்பதற்கும் ஓர் எல்லை வேண்டாமா என்று அவர் மனைவி சிரிப்பாள்.

ஒரு பணக்காரக் குடும்பத்தின் தோட்ட மாளிகையாக இருந்து, வாரிசுகள் ஊருக்கு விட்டுக்கொடுத்த பூங்கா அது. பெஞ்சு, வளைவு, ஓடைப் பாலத்தின் கைப்பிடி எல்லாமே மரக்கிளை போல வார்த்த சிமெண்டு. இருபத்திரண்டு வருடமாகப் பழுது பார்ப்பவர் கொத்தனார்தான். ஈரப் பூச்சில் பழைய முள்கரண்டியால் கீறிப் பட்டை வரைவார். கட்டைவிரலால் அழுத்திக் கணு வைப்பார்.

ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் முன்பு பாலத்தின் கைப்பிடியில் விரிசல் கண்டது. தட்டிப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. உடைத்துக் கம்பி மாற்றி வார்த்தால் இரண்டு வாரம் பாலத்தை மூட வேண்டும். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். கொத்தனார் அந்த விரிசலையே பட்டையின் வெடிப்பாகக் கீறி, பூசி, சாயம் ஏற்றிவிட்டார். விழா முடிந்ததும் சரிசெய்யலாம் என்றிருந்தவர், நாளை நாளை என்று மூன்று மாதம் ஓட்டினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் காவலர் வந்து சாய்ந்து நிற்பது அந்த இடத்தில்தான். கொத்தனாருக்கு அவர் உயிர் நண்பர். ஒரு செவ்வாய்க்கிழமை கைப்பிடி முறிந்து காவலர் கீழே பாறையில் விழுந்தார்; இடுப்பெலும்பு நொறுங்கியது. கைப்பிடிமேல் ஏறி உட்கார்ந்ததுதான் காரணம் என்று எழுதி, மேனேஜர் அவரை வேலையைவிட்டே நீக்கினார். கொத்தனார் வாயே திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவு வந்தது. காவலர் முந்திக்கொண்டார்.

"உன் வேலையக் கெடுத்துட்டேன்பா. எவ்வளவு அழகா செஞ்சு வச்சிருந்தே. இந்தக் கனத்த உடம்ப அதுல சாய்ச்சிருக்கக் கூடாது."

கொத்தனாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. விரிசல், துரு, பூச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நாளைக்கே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

காவலர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேனேஜர்கிட்ட சொல்லல, சரி, பயம். எங்கிட்டயாவது கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கலாமே."

ஏன் சொல்லவில்லை என்று கொத்தனாருக்குத் தெரியும். அந்தப் பட்டையைத் தடவிக் காட்டி, இது மரமில்லை என்று சொன்னால் நம்புவீர்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் காவலர்தான் பெருமையடிப்பார். அதைக் கேட்கக் கொத்தனாருக்கு ஆசையாக இருந்தது.